கப்பலிலிருந்து வந்த கலாசி

மாமா,

இன்று காலை உங்கள் கயிற்றைப் பரணிலிருந்து இறக்கினோம். கிணற்று மோட்டார் மறுபடியும் காயில் எரிந்து போய்விட்டது. புது மோட்டாரை இறக்க மெக்கானிக் ஆட்களோடு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த நைலான் கயிறு மோட்டாரைத் தாங்கப் போதும், ஆனால் இறங்கும்போது அது கிணற்றுச் சுவரில் மோதாமல் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்க இன்னொரு கயிறு வேண்டும் என்றார். உங்கள் மகன் ஏணி போட்டு ஏறி, சாக்கில் சுற்றி வைத்திருந்த மணிலாக் கயிற்றை எடுத்துத் தொப்பென்று கூடத்தில் போட்டார். வீடு முழுக்க வாசனை. கிரீஸும் தாரும் பழைய நாரும் கலந்த வாசனை. நீங்கள் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் கிளம்புமே, அதே வாசனை. அடுப்படியிலிருந்து அத்தை, "யாரு, வந்தாச்சா?" என்று குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அழப்போகிறார் என்று நான் அடுப்படிக்கு ஓடினால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கயிறு வந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் சால்வை போட்டார்கள். உங்களோடு கயிறு இழுத்த ஆட்களோ, கழித்துப்போட்ட கயிற்றில் நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டி மாலை மாதிரி கழுத்தில் போட்டார்கள். சால்வையை வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு, கயிற்றை மட்டும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடப் பார்த்தாராம். "இது லக்கேஜ் இல்லீங்க, மாலை" என்று சொல்லித் தப்பித்தீர்களாம். நம்புகிற மாதிரி இல்லைதான். ஆனால் நீங்கள் சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியாது.

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றும் நீங்கள் அப்படித்தான் எல்லோரையும் மடக்கினீர்கள். என் பெரியப்பா, "சம்பந்தி ரயில்வேல என்ன போஸ்ட்டுங்க?" என்று கேட்டார். நீங்கள் வாயைத் திறக்கும் முன் தரகர் முந்திக்கொண்டு, "பிரிட்ஜ் டிபார்ட்மென்ட்ல இருக்காரு" என்று போட்டுவிட்டார். பெரியப்பாவுக்கு உங்களை இஞ்சினியராகவே ஆக்கியாயிற்று. காபியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்.

"கலாசிங்க. பாலத்துல கயிறு இழுக்கற வேலை. இரும்பு தூக்கறது, எறக்கறது. இஞ்சினியர் சொல்வாரு, நாங்க செய்வோம்."

தரகர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதனால என்னங்க, அதுவும் கவர்மென்ட்டுதான?" என்று பெரியப்பா சமாளித்தார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் மாப்பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வாய்க்குள் அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கலாசி. அதற்கு முன் கேட்டதில்லை. தமிழ் மாதிரியும் இல்லை, இங்கிலீஷ் மாதிரியும் இல்லை. பொய் சொல்ல வசதியான இடத்தில் பொய் சொல்லாத மனுஷர் வீட்டுக்குப் போகலாம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் அர்த்தம் கேட்டேன். "கிளாஸ் ஃபோர்ம்மா. வெள்ளக்காரன் கிளாஸ்னான், நம்மாளு கலாசின்னான். அவ்ளோதான்" என்றீர்கள். உங்கள் முகத்தில் இருந்த உறுதியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நூலகத்தில் வேலை பார்க்கிறவள் நான், சுற்றிலும் அகராதிகள். ஆனாலும் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது உங்கள் மகனின் போன். அவர் வளைகுடாவுக்குப் போய் எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைத்தோம். "கம்பெனிய மூடிட்டானுங்கப்பா. வேலை கலாஸ்னு சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் கலாஸ்" என்றார். பாஸ்போர்ட் முதலாளியிடம், முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கு வரவும் முடியாது, வேறு இடத்தில் வேலைக்குச் சேரவும் முடியாது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏம்மா, இவன் ஏன் என் வேலைப் பேரைச் சொல்றான்?"

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. புருஷன் கடல் தாண்டி மாட்டிக்கொண்டிருக்கிறார், இவருக்கு வார்த்தை ஆராய்ச்சி என்று. ஆனால் மறுநாள் நூலகத்தில் வேறு எதிலும் மனசு ஒட்டாமல், அந்தத் தடித்த பழைய அகராதியைத்தான் எடுத்தேன். கலாசி இருந்தது. முதல் பொருளே கப்பலில் வேலை செய்பவன். அடுத்தது கூடாரம் அடிப்பவன். ரயிலும் இல்லை, பாலமும் இல்லை. பக்கத்தில் உருது என்று குறி. உங்கள் கிளாஸ் ஃபோர் கதை அங்கேயே கவிழ்ந்தது.

தினமும் பேப்பர் படிக்க வரும் லப்பைக்குடிக்காட்டு பாயை உங்களுக்கு நினைவிருக்கும். துபாயில் ரொம்ப காலம் இருந்துவிட்டு வந்து டவுனில் கடை போட்டவர். அவரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அரபியில கலாஸ்னா விடுதலை தங்கச்சி. கட்டிப் போட்டத அவுத்து வுடறது. வேலை முடிஞ்சாலும் அதையேதான் சொல்வாங்க. முடிஞ்சா ஆளு விடுபட்டுடறான்ல? அவன் எந்த நெனப்புல சொல்லியிருந்தாலும் நீங்க நல்லதையே எடுத்துக்குங்க. வந்துடுவாரு, இன்ஷா அல்லாஹ்."

அந்தக் கலாஸிலிருந்துதான் கலாசி வந்தது என்று கண்டுபிடித்தேன். ஆனால் விடுதலை எப்படிக் கப்பல்காரன் ஆயிற்று என்று எந்தப் புத்தகமும் அடித்துச் சொல்லவில்லை. துறையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கப்பலை விடுவிக்கிறவன் என்பதால் இருக்கலாம். சுருட்டிய பாய்மரத் துணியை அவிழ்க்கிறவன் என்பதால் இருக்கலாம். இரண்டும் என் ஊகம், சத்தியம் பண்ண மாட்டேன். கயிறும் கப்பியும் கைவந்த கப்பல் ஆட்களைக் கரையில் கூடாரம் அடிக்கக் கூப்பிட்டிருப்பார்கள். பிறகு ரயில் பாதை போடும்போது பாலத்துக்கு இரும்பு தூக்கவும் அதே மாதிரிக் கைகளைத்தான் தேடியிருப்பார்கள். ஆட்கள் மாறிப் போனார்கள், பெயர் மட்டும் இறங்காமல் கயிற்றோடேயே வந்துவிட்டது. அப்படித்தான் அது அரியலூர் வரைக்கும் வந்து உங்கள் தலையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் இதை உங்களிடம் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அப்ப நான் கப்பக்காரனா? கடலையே ராமேஸ்வரத்துலதாம்மா பாத்தேன். அதுலயும் உங்கத்தை காலை நனைக்க வுடல, சளி புடிக்கும்னுட்டா."

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, கடலும் கிடையாது, இங்கே பிறந்தவன் கப்பல் வேலைப் பெயரை வைத்துக்கொண்டு ரயில்வேயில் சம்பளம் வாங்கியிருக்கிறேனே என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்புறம் நீங்களே உங்களுக்கு ஒரு வழியும் பண்ணிக்கொண்டீர்கள். "அரியலூர்ல சுரங்கம் தோண்டறப்ப சிப்பி சிப்பியா கல்லு வருதுல்ல? அங்கல்லாம் ஒரு காலத்துல கடல்தானாம். நான்தான் கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்டேன்." போன் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அத்தைகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

சிரித்து முடித்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, "அவுத்து வுடறவன்னு சொன்னியே, அது சரியாத்தாம்மா இருக்கும்" என்றீர்கள். "இழுக்கறதுக்கு யார வேணா கூப்புட்டுக்கலாம். வுடறதுக்குத்தான் கலாசி வேணும்." பாலத்து மேல் இரும்பை இறக்கும்போது அது தன் இடத்தில் உட்காருகிற வரை ஒருத்தரும் கயிற்றை விடக்கூடாது. உட்கார்ந்ததை ஒருத்தர் தொட்டுப் பார்த்து, "உக்காந்துடுச்சு, விடு" என்று சொன்னால் எல்லோரும் சேர்ந்தாற்போல் விட வேண்டும். அதற்கு முன்னால் யாராவது வாய் தவறி "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டால், அவர் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு யாராவது கையைத் தளர்த்திவிட்டால் ஆளே போய்விடுவார் என்பதால் அப்படி ஒரு கட்டுப்பாடாம். உங்களுக்குச் சாதகமாக அர்த்தம் பண்ணிக்கொள்வதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் கேலி செய்தேன். அந்தக் கட்டுப்பாட்டை வீட்டுக்குள்ளும் கொண்டுவருவீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை தவறாமல் நாம் இருவரும் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நீங்கள், வெயில் படாமல் நான் உங்கள் நிழலில். போகிற வழியில் சொந்தக்காரர்கள் விசாரித்தால், "தொங்குது" என்று மட்டும் சொல்வீர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. பாரம் இன்னும் கயிற்றில்தான் தொங்குகிறது, உட்காரவில்லை என்று எனக்கு மட்டும் புரியும்.

ஒருநாள் உங்கள் மகன் உற்சாகமாகக் கூப்பிட்டார். அங்கே இருக்கும் நம் ஆட்கள் அலைந்து திரிந்து எல்லாம் சரியாகிவிட்டது, பாஸ்போர்ட் கைக்கு வந்தாயிற்று, நாட்டை விட்டு வர எக்ஸிட் முத்திரை அடித்தாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று. பிறகு கேட்க வேண்டுமா! நம் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் வந்தால் ஊரே வேன் பிடித்துக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகுமே, அதேதான். குரும்பலூரிலிருந்து உங்கள் தங்கச்சி வீட்டார், வேப்பந்தட்டையிலிருந்து என் வீட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏறியாயிற்று. அத்தை அதிரசம் சுட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார். நீங்கள் மட்டும் வரவில்லை.

"ஏங்க, பெத்த புள்ள வரான். வூட்டுல ஒக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று அத்தை கத்தினார்.

"போயிட்டு வாங்க. இன்னும் உக்காரல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டீர்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது சொல்வதில் தப்பில்லை. என்ன மனுஷர் இவர், கல்நெஞ்சம் என்று வேனில் வழிநெடுக உங்களைத் திட்டிக்கொண்டு போனேன். ஏர்போர்ட் வாசலில் எல்லோரும் வெளியே வந்தார்கள், உங்கள் மகன் வரவில்லை. கடைசி ஆளும் வந்து, தள்ளுவண்டிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு போன் வந்தது. ஓடிப்போனவன் என்று முதலாளி எப்போதோ எழுதிக் கொடுத்திருந்த புகார் அங்கே கம்ப்யூட்டரில் அப்படியே இருந்ததாம். விமானத்தில் ஏற விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகள் மட்டும் அதிரசம் தின்றார்கள்.

வீட்டு வாசலில் நீங்கள் நின்றிருந்தீர்கள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று கேட்பீர்கள் என்று பயந்துகொண்டே இறங்கினேன். கேட்கவில்லை. அடுப்பில் சோறு வடித்து வைத்திருந்தீர்கள். ரசம்கூட வைத்திருந்தீர்கள், அதில் உப்பு இல்லை. "கைய மட்டும் தளத்திடாதம்மா. புடிச்சுக்க" என்றீர்கள். எல்லோரும் வேனில் கிளம்பிக் குதித்துக்கொண்டு போன நேரத்தில், நீங்கள் இங்கே தனியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று தட்டு முன்னால் உட்கார்ந்து அழுத அழுகை எனக்கு நல்லதாகத்தான் போயிற்று.

அதற்கப்புறம் அந்தப் புகாரை நீக்க இன்னும் பல மாதம் ஆனது. இரண்டாவது முறை டிக்கெட் போட்ட செய்தி நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அத்தையிடம் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போயி மாவிளக்கு போடு. நாங்க திருச்சில ஒரு வேலையா போயிட்டு வர வழியில எறங்கிக்கறோம்." மாவிளக்கு அவருடைய பழைய வேண்டுதல். "புள்ள வராம என்ன மாவிளக்கு?" என்று முனகிக்கொண்டே கிளம்பினார்.

விடியற்காலை பஸ்ஸில் நாம் இருவரும் போனோம். ஏர்போர்ட் வாசலில் இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் உங்கள் மகன் வந்தார். பாதியாக இளைத்து, ஒரே ஒரு பையோடு. முதலில் நீங்கள்தான் போனீர்கள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. இரண்டு கையையும் அவர் தோள்களில் வைத்து, இரும்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினீர்கள். அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினீர்கள்.

"உக்காந்துடுச்சு. விடும்மா."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அந்தத் தடுப்பை விரல் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தேன். விட்டேன். விட்டதும் உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டுச் சிரித்தேன். உங்கள் மகன் பயந்துபோய், "ஏன்ப்பா, இவளுக்கு என்ன ஆச்சு?" என்று உங்களைக் கேட்டார். "கலாஸ் ஆயிடுச்சுப்பா" என்றீர்கள்.

சிறுவாச்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்குள் நடந்தோம். கூட்டத்தில் மாவிளக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த அத்தை முதலில் என்னைப் பார்த்தார், அடுத்து உங்களை, அப்புறம் நம் பின்னால் நின்றவரை. தட்டைப் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாவின் கையில் திணித்துவிட்டு எழுந்து வந்தார். மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று பார்த்தால், நேராக உங்களிடம் வந்து முதுகில் ரெண்டு போட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? நான் என்ன ஊருக்கெல்லாம் தம்பட்டமா அடிக்கப் போறேன்?" அடிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு நின்றீர்கள். அப்போதுதான் உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அத்தை அடித்ததில் வலித்திருக்கும் என்று இன்றுவரை உங்கள் மகன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நீங்கள் நல்லபடியாகத்தான் இருந்தீர்கள். கிணற்றடி, மாடு, சாயங்காலம் டீக்கடை. யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "கப்பல்ல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பேச்சு நின்றுவிட்டது. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஊசி போட வந்த நர்ஸ் விலக்கிப் பார்த்தார், முடியவில்லை. அத்தை ஒரு பக்கம், உங்கள் மகன் ஒரு பக்கம். எதற்காக இன்னும் பிடித்திருக்கிறீர்கள் என்று எனக்குத்தான் தெரியும். காதருகில் குனிந்து சொன்னேன். "எல்லாரும் இங்கதான் இருக்கோம் மாமா. உக்காந்துடுச்சு. விடுங்க." கொஞ்ச நேரத்தில் உங்கள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வருத்தம் இல்லாமல் இல்லை மாமா. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்களால் கதறி அழ முடியவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உங்கள் தங்கச்சி வீட்டுக்காரர், "ரயில்வே ஊழியர்னு போட்டாப் போதும்மா, கௌரவமா இருக்கும்" என்றார். நான் விடவில்லை. உங்கள் பெயருக்குக் கீழே கலாசி என்றுதான் பெரிதாகப் போட்டோம். அதைப் பார்த்த பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரைக்கும் கூடவே நடந்தார்.

இன்று கிணற்றில் நைலான் கயிற்றை ஆட்கள் பிடித்தார்கள். பக்கக் கயிறு என் கையில். உங்கள் மகன் உள்ளே இறங்கிப் படிக்கட்டில் நின்றுகொண்டு, மோட்டாரைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி இறக்கினார். பாதி இறங்கும்போதே மெக்கானிக், "அவ்ளோதாங்க, முடிஞ்சுது" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "டீ வாங்கிக் குடுக்கணுங்க!" ஆட்களுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனாலும் கையைத் தளர்த்தவில்லை. மோட்டார் கல்லில் உட்கார்ந்தது. அவர் அமுக்கிப் பார்த்தார்.

"உக்காந்துடுச்சு. விடு."

ஆட்கள் விட்டுவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. அவர் மேலே ஏறி வந்து பார்க்கிறார், நான் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். "விடுன்னு சொன்னேன்ல, காதுல வுழலயா?" என்றார். விட்டேன் மாமா. அதற்குப் பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இதை எழுதும் கையில் இன்னும் உங்கள் வாசனைதான் அடிக்கிறது.